படத்தில் உயர்ந்த புருவம்

சிவமயம்

ஜொகூர் பாரு,
26 பெப்ரவரி 1934, திங்கள் இரவு.

மதிப்புக்குரிய திரு. விசுவலிங்கம் அவர்களுக்கு,

நில அளவைக் கந்தோர் பெரிய கிளாக்கர் சிவசம்புவின் இளைய மகள் திலகம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, அக்கா, நான் எல்லோரும் உடல் நலத்தோடு இருக்கிறோம். குவாலா லிப்பிஸில் நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்களை எப்படி அழைப்பது என்று தெரியாமல் இரண்டு தாள்களைக் கிழித்துவிட்டேன். வைகாசியில் அக்காவோடு கல்யாணம் நடந்தால் நீங்கள் எனக்கு அத்தான். இதைப் படித்த பிறகு அது நடக்குமோ, நடக்காதோ. அதனால் 'அவர்கள்' என்றே எழுதுகிறேன். நான் எழுதுவது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அப்பாவின் மேசையில் இருந்த உங்கள் கடித உறையைப் பார்த்து விலாசத்தை எழுதிக்கொண்டேன். எனக்குப் பதினான்கு வயது. கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஆங்கிலப் பாடசாலையில் படிக்கிறேன். தமிழ் அப்பா சொல்லித் தந்தது. பிழைகள் இருந்தால் அவை என்னுடையவை.

செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். மார்ச் பத்தாம் திகதி சனிக்கிழமை காலை, சிங்கப்பூரில் ஒரு வெள்ளைக்கார டாக்டர் என் அக்கா தவமணிதேவியின் நெற்றித் தோலை வெட்டி, இடது புருவத்தை மேலே இழுத்துத் தைக்கப்போகிறார். அக்காவுக்கு நோய் எதுவும் இல்லை. உங்களிடம் இருக்கும் படத்தைப் போல அவளுடைய முகம் இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் இது.

அந்தப் படத்தில் இரண்டு புருவங்களும் ஒரே உயரத்தில் இருக்கின்றன. உண்மையில் அப்படி இல்லை. அக்கா ஒன்பது வயதில் வழுக்கி விழுந்து, ஒரு தகரப் பெட்டியின் விளிம்பு இடது கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் ஆழமாக வெட்டிவிட்டது. காயம் ஆறித் தழும்பும் மயிருக்குள் மறைந்துவிட்டது. ஆனால் அன்றிலிருந்து இடது புருவம் எழும்புவதில்லை. வலதைவிட அரை விரல் கீழே, கண்ணிமையின் மேல் சாய்ந்தாற்போல இருக்கும். அந்தப் பக்கம் மட்டும் பார்ப்பவர்கள் அவளுக்கு நித்திரை வருகிறது என்று நினைப்பார்கள். பார்வைக்குக் குறைவில்லை. எங்கள் வீட்டில் ஊசிக்கு நூல் கோர்ப்பது அவள்தான். அவளே அதைப் பகிடி பண்ணுவாள். "ஒரு கண் நித்திரை, ஒரு கண் காவல். கள்ளன் வந்தால் காவல் கண் பாக்கும், நீ படு" என்பாள். சென்ற வருடம் வரை அப்படித்தான் பகிடி பண்ணிக்கொண்டிருந்தாள்.

இனி நான் சொல்லப்போவதை ஒருவருக்கும் சொன்னதில்லை.

ஐப்பசி மாதம் உங்களுக்கு அனுப்புவதற்காக அக்காவை யப்பான்காரரின் படக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அம்மா வாசலில் தெரிந்த ஒருவரோடு பேசிக்கொண்டு நின்றா. நான்தான் உள்ளே போனேன், எனக்கு மலாய் நன்றாக வரும் என்பதால். அவர் இரண்டு கண்ணாடித் தகடுகளில் படம் பிடித்தார். முதலாவதில் அக்கா ஆடாமல் அசையாமல் இருந்தாள். இரண்டாவதில் சிரித்துவிட்டாள். அது கெட்டுப்போய்விட்டது என்று ஒதுக்கினார். மூன்றாம் நாள் படத்தைப் பார்க்க நான் போனபோது அந்த முதல் தகட்டை வெளிச்சத்தில் பிடித்து, மெல்லிய பென்சில் ஒன்றை எடுத்துக்கொண்டு, "செபெலா கிரி, அங்காட் செடிக்கிட்?" என்று கேட்டார். இடது பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தட்டுமா என்று. பருக்களையும் அம்மைத் தழும்புகளையும் அவர் அப்படித்தான் எல்லோருக்கும் எடுத்துவிடுவார். நான் "போலே" என்றேன், செய்யலாம் என்று. அவ்வளவுதான். அக்கா அழகாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அது எவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவில்லை.

படம் வீட்டுக்கு வந்ததும் அம்மா "யப்பான்காரன்ரை கை ராசியான கை" என்றா. வெளிச்சம் விழுந்த விதம் என்று அப்பா நினைத்தார். அக்கா மட்டும் நெடுநேரம் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். படம் உங்களுக்கும், யாழ்ப்பாணத்தில் இருக்கும் உங்கள் தமக்கையாருக்கும் போனது.

தை மாதம் உங்கள் தமக்கையாரின் கடிதம் வந்தது. அதில் அவர், "பெண்ணின் முகத்தில் ஏதோ பழுது என்று இங்கே ஒருவர் சொன்னார். படத்தைப் பார்த்த பிறகு அது பொறாமைப் பேச்சு என்று தெரிந்துகொண்டோம். எங்களுக்குப் பூரண சம்மதம்" என்று எழுதியிருந்தார். அம்மா சந்தோஷப்பட்டா. அப்பா கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் படத்தை எடுத்துவரச் சொன்னார். அக்காவைக் கூப்பிட்டுச் சன்னலோரம் நிற்கவைத்து, படத்தையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். அன்று அவர் சாப்பிடவில்லை. "இவ்வளவு நாளும் நான் ஒருத்தனுக்கும் பொய் சொன்னதில்லை. இப்ப இந்தப் படம் எனக்காகச் சாட்சி சொல்லிப் போட்டுது. அது பொய்யெண்டால் நான் சொன்னதும் பொய்" என்று அம்மாவிடம் சொன்னார். உண்மையை உங்களுக்கு எழுதிவிடலாம் என்றும் ஒருநாள் சொன்னார். அம்மா அழுதா. "பொறாமைப் பேச்செண்டு சொன்ன வாயாலையே, கள்ளர் எண்டு சொல்லுவினம். பிறகு திலகத்தையும் ஆர் கேட்பினம்?" என்றா. அதற்குப் பிறகு அப்பா எழுதும் பேச்சை எடுக்கவில்லை.

அந்த நாட்களில்தான் பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்தது. ஷாங்காயிலிருந்து வந்த டாக்டர் ஒருவர் சிங்கப்பூரில் ஒரு ஹோட்டலில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார், முகச் சுருக்கத்தையும் புருவத் தொய்வையும் கத்தியால் சரிசெய்கிறார் என்று. அப்பா அதை வெட்டி வைத்துக்கொண்டார். படம் பொய் என்று எழுதுவதைவிட, படத்தை உண்மையாக்கிவிடுவது என்று முடிவு செய்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. அப்படி நினைத்துவிடாதீர்கள்.

போன வெள்ளிக்கிழமை கந்தோர் இல்லாத நாள். அப்பா என்னைப் பாடசாலைக்கு விடாமல், அக்காவுக்குத் துணையாகக் கூட்டிக்கொண்டு போனார். பஸ்ஸில் பாலத்தைத் தாண்டிப் போனோம். டாக்டர் நல்ல மாதிரிப் பேசினார். அக்காவைச் சன்னலுக்கு எதிரே இருத்தி, கைப்பிடி வைத்த கண்ணாடி ஒன்றைக் கொடுத்து, பெருவிரலால் இடது புருவத்தை மேலே தள்ளிப் பிடித்தார். அக்கா கண்ணாடியைப் பார்த்தாள். உங்களிடம் உள்ள படம் உயிரோடு வந்ததைப் போல இருந்தது. எனக்கு அப்போது, நடக்கட்டுமே, என்ன கெட்டுப்போகும் என்றுகூடத் தோன்றியது.

அவர் சொன்னது இவ்வளவு. மயிர் தொடங்கும் இடத்துக்குச் சற்று உள்ளே சிரைத்து, ஒரு விரல் அகலத்துக்குத் தோலை எடுத்துவிட்டு, மிச்சத்தை இழுத்துத் தைப்பார். மயக்க மருந்து கிடையாது. நெற்றியில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்வார். அக்கா விழித்துக்கொண்டுதான் இருப்பாள். அரை மணி நேர வேலை. ஒன்பது பத்து நாளில் தையல் பிரிக்கலாம். வெள்ளிக்கிழமைக்கு நாள் தருவதாகச் சொன்னார். வெள்ளிக்கிழமையில் கத்தி வைப்பதை அம்மா ஒத்துக்கொள்ளமாட்டா என்று அப்பா சனிக்கிழமை கேட்டார். வேறு ஒன்றும் அப்பா கேட்கவில்லை. டாக்டர்களைக் கேள்வி கேட்பது மரியாதை இல்லை என்பது அவருடைய எண்ணம். வெளியே வரும்போது டாக்டரின் உதவிக்காரி, பதினாறாம் திகதிக் கப்பலில் டாக்டர் இரங்கூனுக்குப் போகிறார் என்றாள். தையலை யார் பிரிப்பார்கள் என்று நான் கேட்டேன். எந்த டாக்டரும் பிரிக்கலாம் என்றாள்.

எனக்குப் பத்தாம் திகதியும் பதினாறாம் திகதியும் மனதில் நின்றுவிட்டன.

எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு டிரெசர் ஸ்டானிஸ்லாஸ் அவர்களுடையது. இருபது வருடமாக ஆஸ்பத்திரியில் காயம் கட்டுகிறவர். ஞாயிறு பூசை முடிந்து அவர் வந்ததும், பாடசாலையில் சுகாதாரப் பாடத்துக்கு எழுதவேண்டும் என்று சொல்லிக் கொப்பியும் பென்சிலுமாகப் போனேன். புருவத்தை வெட்டித் தூக்கினால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் சுருட்டைக் கீழே வைத்தார். "எந்தப் புருவம்மா? இடதா?" என்றார். நான் அழுதுவிட்டேன். அவருடைய மனைவி டொரத்தி அன்ரி உள்ளே இருந்து, "ஏங்க, சின்னப் புள்ளைய ஏன் அழ வைக்கிறீங்க?" என்று சத்தம் போட்டா. "நான் எங்கடி அழ வைக்கிறேன்? கேள்வி கேக்குது, பதில் சொல்றேன்" என்றார் அவர்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அந்த டாக்டர் கைகாரராக இருக்கலாம், அவரைக் குறை சொல்லமாட்டேன் என்றார். யுத்தத்தில் முகம் சிதைந்தவர்களுக்கு இந்த மாதிரி வேலையால் நல்லது நடந்திருக்கிறதாம். புருவம் கண்ணை மறைத்துப் பார்வை தடைபட்டால் செய்யத்தான் வேண்டுமாம். ஆனால் அக்காவுக்கு அறுந்தது புருவத்தைத் தூக்கும் நரம்பு. "தோலத்தாம்மா இழுக்கலாம். நரம்பத் தைக்க முடியாது. இப்ப கீழ நிக்குது, அப்புறம் மேல நிக்கும். ரெண்டு எடத்துலயும் சும்மாதான் நிக்கும். அவங்க சிரிச்சா வலது மட்டும்தான் ஏறும்" என்றார். ஆடாமல் இருந்தால் மட்டும் படத்தைப் போல இருப்பாளாம்.

பிறகு நான் கேட்கக் கேட்கச் சொன்னார். கண்ணைச் சுற்றிக் கறுத்து வீங்கி இரண்டு மூன்று வாரம் இருக்கும். நெற்றியிலும் உச்சியிலும் தொட்டால் உணர்ச்சி இல்லாமல் மாதக்கணக்கில் மரத்துக்கிடக்கும், சிலருக்கு அப்படியே நின்றுவிடும். வெட்டின கோட்டில் மயிர் முளைக்காமல் போகலாம். இழுத்த தோல் ஓரிரு வருடத்தில் மறுபடியும் இறங்கலாம். கொஞ்சம் அதிகமாக இழுத்துவிட்டால் கண் முழுதாக மூடாது, நித்திரையிலும் திறந்து கிடந்து காய்ந்து புண்ணாகும். எல்லாவற்றையும்விட அவர் பயப்படுவது சீழுக்கு. இந்த வெக்கையில் தலைக் காயம் சீழ் பிடித்தால் கண்ணுக்கு இறங்க எத்தனை நாள் என்று கேட்டேன். "தையல் போட்டவர் தையல் பிரிக்கிற வரைக்கும் ஊர்ல இருக்கணும்மா. அத மட்டும் உங்கப்பாகிட்ட யாராச்சும் சொல்லுங்க" என்றார்.

நீங்களே சொல்லுங்கள் அங்கிள் என்று கெஞ்சினேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினார். "சார் எங்கிட்ட கேக்கல. அவரு வீட்டுப் பொண்ணு மொகத்தப் பத்தி நானாப் போயி எப்படிப் பேசறது? அதுவும் ஒரு டிரெசர், பெரிய டாக்டருக்கு மேல?" என்றார். அவர் சொன்னதும் சரிதான்.

அம்மாவிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "காது குத்தேக்கை ஊரே கேக்கக் கத்தினனீ. இப்ப பார், தோடு போட்டுக்கொண்டு திரியிறாய். இதும் ஒரு சின்னத் தையல்தானே" என்றா. ஆனால் சீழ் என்று நான் சொன்னதும் எழுந்து போய் அடுப்பை ஊதினா. அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

விளக்கில் எண்ணெய் குறைந்துவிட்டது. நாளைக்கு மிச்சத்தை எழுதுகிறேன்.

27, செவ்வாய் இரவு.

இன்று மத்தியானம் டாக்டரிடமிருந்து அப்பாவுக்குக் கடிதம் வந்தது. அவருடைய கப்பல் முந்திப் போகிறதாம். அதனால் பத்தாம் திகதிக்குப் பதிலாக மார்ச் ஐந்து, திங்கட்கிழமையே வரச் சொல்லியிருக்கிறார். கப்பல் பத்தாம் திகதி. கணக்கு அதேதான், ஐந்தாறு நாள். அப்பா லீவு எழுதிக் கொடுத்துவிட்டார். இந்தக் கடிதத்தை நாளை புதன் காலை பாடசாலைக்குப் போகும் வழியில் போடுவேன். வெள்ளிக்கிழமை உங்களுக்குக் கிடைக்கும் என்று தபால் கந்தோரில் சொன்னார்கள்.

அக்காவுக்கு இதில் விருப்பமா என்று நீங்கள் கேட்கலாம். ஒருவரும் அவளைப் பிடித்து இழுக்கவில்லை. அவள் சம்மதித்துவிட்டாள். இன்று சாயந்தரம் அவளுக்குத் தலை வாரிவிட்டபோது, எந்த இடத்தில் சிரைப்பார்கள் என்று என் விரலைப் பிடித்துக் காட்டினாள். டிரெசர் சொன்னதை எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். "தெரியும். கண்ணாடியிலை அந்த டாக்டர் விரலை எடுத்தவுடனை அது விழுந்ததைப் பாத்தனான்" என்றாள். பிறகு ஏன் என்று கேட்டேன். சீப்பை வாங்கிக்கொண்டாள். "மணவறையிலை என்னை முதல்முதல் பாக்கேக்கை அவரின்ரை முகம் ஒருக்கால் விழுந்தால், அதை நான் சாகுமட்டும் பாத்துக்கொண்டிருக்கோணும். கத்தி அரை மணித்தியாலந்தானே, திலகம்" என்றாள்.

அப்போதே நான்தான் யப்பான்காரரிடம் சொன்னேன் என்று சொல்லியிருக்கவேண்டும். வாய் வரவில்லை. அவளுக்கு அது தெரியும் என்று நினைக்கிறேன். கேட்காமலே இருக்கிறாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். போன மாதம் அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில், ஆறு பெருகி உங்கள் குவார்ட்டர்ஸுக்குள் தண்ணீர் வந்ததையும், நீங்கள் முதலில் புத்தகங்களையும் பிறகு கோழியையும் மேலே ஏற்றியதையும் எழுதியிருந்தீர்கள். அந்தப் பக்கத்தை அக்கா நாலு தரம் வாங்கிப் படித்தாள். "முதல் கோழியை எல்லோ ஏத்தியிருக்கோணும், புத்தகம் கத்துமோ?" என்றாள். இப்போது அந்தப் பக்கம் அப்பாவின் மேசையில் இல்லை. எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன்.

இந்தக் கடிதத்தோடு ஒரு படம் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை தையல் நூல் வாங்கப் போன வழியில் படக்கடைக்குப் போய், அந்தக் கெட்டுப்போன இரண்டாவது தகட்டில் ஒன்று எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டேன். அதில் அவர் பென்சில் வைக்கவில்லை. வலது புருவம் மேலே போயிருக்கிறது, இடது இருந்த இடத்திலேயே இருக்கிறது, பல் தெரிகிறது. இதுதான் என் அக்கா. உங்களிடம் இருக்கும் படத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உடனே முடிவு செய்யாதீர்கள், ஒரு நாள் விட்டு மறுபடியும் பாருங்கள் என்று கேட்க ஆசை. ஆனால் நாள் இல்லை.

நான் கேட்பது இதுதான். சனிக்கிழமைக்குள் அப்பாவுக்கு ஒரு தந்தி கொடுங்கள். "பெண்ணைப் பார்க்க வருகிறேன்" என்று மூன்று சொல் போதும். மாப்பிள்ளை அப்படி முன்கூட்டி வருவது வழக்கம் இல்லை என்று தெரியும். பத்தாம் திகதிக்குள் எந்த நாள் என்றாலும் சரி. நெற்றியில் கட்டும் கண்ணில் வீக்கமுமாக அப்பா அவளை உங்கள் முன் கொண்டுவந்து நிறுத்தமாட்டார். திங்கட்கிழமை தள்ளிப்போகும். அதற்குள் கப்பல் போய்விடும்.

உங்களுக்கு வேண்டாம் என்று தோன்றினால், அதையும் சனிக்கிழமைக்குள் தந்தியில் சொல்லிவிடுங்கள். அடுத்து வரும் மாப்பிள்ளைக்காக அப்பா பிறகு எப்போதாவது இதைச் செய்யலாம் என்றும் யோசித்தேன். ஆனால் இந்தத் திங்கட்கிழமை செய்யமாட்டார். நீங்கள் வேண்டாம் என்றதன் காரணத்தை நான் வீட்டில் சொல்லிவிடுவேன், படக்கடையில் நடந்ததையும் சேர்த்து. அடி விழும், பரவாயில்லை. அக்கா அழுவாள். அழுதாலும் இரண்டு கண்ணையும் மூடித் திறந்து அழுவாள். நீங்கள் சும்மா இருப்பது ஒன்றுதான் எனக்குப் பயம். யோசிக்கலாம், தமக்கையாருக்கு எழுதிக் கேட்கலாம் என்று நீங்கள் இருக்கும்போதே திங்கட்கிழமை வந்துவிடும்.

இந்தக் கடிதத்தை வைத்திருப்பதும் கிழிப்பதும் உங்கள் விருப்பம். அப்பாவிடம் காட்டினாலும் நான் எழுதவில்லை என்று சொல்லமாட்டேன். அப்பா உங்களை ஏமாற்ற நினைக்கவில்லை. அதை மட்டும் நம்புங்கள்.

வருவதென்றால், இரயிலில் இருந்து இறங்கியதும் ரிக்‌ஷாக்காரரிடம் பெரிய கிளாக்கர் வீடு என்று சொன்னால் கொண்டுவந்து விடுவார். அக்காதான் தேத்தண்ணி கொண்டுவருவாள். தலை குனிந்துதான் வருவாள். ஆனால் தட்டை வைத்துவிட்டு ஒரு தரம் நிமிர்ந்து பார்ப்பாள், நான் அவளை அறிவேன். அந்த நேரத்தில் தயவுசெய்து உங்கள் முகத்தைக் கவனமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடவுள் உங்களைச் சுகமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்குப் பணிவுடன்,
சி. திலகம்